கடல் நோக்கிய காலதர்

உரைநடை – கட்டடக்கலையும் வரலாறும்

நுழையும்முன்

விடுமுறை நாள்களில் கடற்கரை ஊர்களுக்குச் சென்று, பழைய மாளிகையிலோ மலைச்சரிவு விடுதியிலோ சில நாள் தங்கி வருவது இன்று பலருக்கும் வாய்க்கிறது. தங்குவோர் அங்குக் கடலையும் வானையும் கண்டு மகிழ்கின்றனர். அவர்களைத் தாங்கி நிற்கும் கட்டடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அது யாருக்காகக் கட்டப்பட்டது? யாருடைய உழைப்பால் எழுந்தது? காற்றையும் மழையையும் எவ்வாறு ஏற்றுக்கொண்டது? இவ்வினாக்களோடு அந்தமானின் மரைன் ஹில் பகுதியையும் அதனைச் சூழ்ந்துள்ள இல்லங்களையும் தமிழகக் கடற்கரையில் உள்ள ஓர் இல்லத்தையும் இப்பாடம் காட்டுகிறது.

காற்றின் வழி

பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று நுழையும் வழி என்பதே இச்சொல்லின் பொருள். சிலப்பதிகாரம், புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற வடிவுடைய காலதர்கள் இருந்தன என்று கூறுகிறது. நெடுநல்வாடையோ, வேனிற்காலத்தில் துயிலும் இடத்திற்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரங்களைக் குறிப்பிடுகிறது. கூதிர்க்காலத்துக் குளிரில் அவை தாழிட்டு மூடப்பட்டுக் கிடந்தன என்கிறது. எக்காலத்தில் எத்திசைக் காற்று வரும் என்பதை அறிந்தே பழந்தமிழர் வீடு கட்டினர் என்பது இவற்றால் விளங்கும்.

வீடு, விடுதி என்னும் இரு சொற்களும் விடு என்னும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. நாள்தோறும் வாழும் இடம் வீடு. வழிச்செல்வோர் சில நாள் தங்கும் இடம் விடுதி. இரண்டிற்கும் காலதர் இன்றியமையாதது. ஒரு கட்டடத்தின் காலதர் எத்திசை நோக்கித் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டே, அதனைக் கட்டியவரின் எண்ணத்தை ஓரளவு அறியலாம்.

குன்றும் கடலும்

சென்னையிலிருந்து வங்கக் கடலில் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர் அமைந்துள்ளது. இந்நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து கப்பலில் செல்வோர் கரை சேர மூன்று நாள் வரை ஆகும்.

நகரின் கடலோரக் குன்றுகளுள் ஒன்று மரைன் ஹில். அங்கு நிற்பவரின் கண்ணுக்கு எதிரே ராஸ் தீவு தெரியும். வளைகுடாவிற்கு அப்பால் வடக்கே நார்த் பே கலங்கரை விளக்கமும், அதற்கும் மேலே காடு போர்த்த ஹாரியட் மலையும் தெரியும். இக்கலங்கரை விளக்கம் தோன்றும் கடற்காட்சியே பழைய 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் இத்தீவுகளுக்கு மழை தருகின்றன. ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னை பெறும் மழையைப்போல் இரு மடங்கிற்கும் மேல். காற்றில் எப்பொழுதும் ஈரம் நிறைந்திருக்கும். நிலநடுக்க ஆய்வாளர்கள் இத்தீவுகளை இந்தியாவின் மிகு நிலநடுக்கப் பகுதிகளுள் வைத்துள்ளனர். ஆகவே, இங்குக் கட்டப்படும் வீடு மழையை விரைவில் வடித்துவிட வேண்டும்; கடற்காற்றைத் தடையின்றி உள்ளே விட வேண்டும்; நிலம் அதிர்ந்தாலும் நிலைக்க வேண்டும்.

தீவின் மாளிகை

ராஸ் தீவு மிகச் சிறியது. ஒரு சதுரக் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவினது. 1857ஆம் ஆண்டின் விடுதலை எழுச்சிக்குப் பின், அதில் பங்கு கொண்டோரை நாடு கடத்துவதற்கு ஆங்கிலேயர் அந்தமானைத் தேர்ந்தனர். 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் முதற்கப்பல் வந்து சேர்ந்தது. காட்டை வெட்டி, கல் சுமந்து, பாதை அமைத்துக் கட்டடங்களை எழுப்பியவர்கள் அக்கைதிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுமே.

அவர்கள் வெட்டிய காடு ஆளில்லாத காடன்று. அந்தமானியப் பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவந்தனர். தம் நிலத்தைக் காக்க அவர்கள் 1859இல் ஆங்கிலேயருடன் அபர்டீன் என்னுமிடத்தில் போரிட்டனர். துப்பாக்கிகளுக்கு முன் வில்லும் அம்பும் தோற்றன. பின்னர் வந்த நோய்களால் அவர்களுடைய எண்ணிக்கை பெரிதும் குறைந்தது.

ராஸ் தீவு, தீவுக்கூட்டம் முழுவதற்கும் ஆட்சித் தலைமையிடம் ஆயிற்று. தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், நடன அரங்கு, ரொட்டி அடுமனை, அச்சகம், நீச்சல் குளம், டென்னிஸ் திடல், மின்நிலையம் ஆகியன அங்கு எழுந்தன. அதனைக் கிழக்கின் பாரிஸ் என்று ஆங்கிலேயர் பெருமையுடன் அழைத்தனர். மாளிகையின் தாழ்வாரங்களில் அமர்ந்தோர் கடற்காற்றை நுகர்ந்து மாலைப்பொழுதைக் கழித்தனர்.

அதே கடலின் எதிர்க்கரையில் மற்றொரு கட்டடம் எழுந்தது. 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை அது. நடுவில் ஒரு கோபுரமும் அதிலிருந்து பிரியும் ஏழு சிறகுகளுமாக அது அமைந்தது. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் உடையது. அறைக்கு ஒரே ஒரு காலதர்; அதுவும் 3 மீட்டர் உயரத்தில். ஒரு சிறகின் முகப்பு மற்றொரு சிறகின் முதுகை நோக்குமாறு கட்டப்பட்டதால், கைதி எவரும் எதிர் அறைக் கைதியின் முகத்தைக் காண இயலாது. கடல் மிக அருகில் இருந்தும் அதனை நின்று காண அவர்களுக்கு வழியில்லை. மாளிகையில் விரியத் திறந்திருந்த காலதரும் சிறையறையில் எட்டாத உயரத்தில் இருந்த காலதரும் ஒரே ஆட்சியின் ஆணையால் அமைந்தவை. இரண்டையும் கட்டிய கைகளும் கைதிகளின் கைகளே.

1941 ஜூன் 26இல் பெரும் நிலநடுக்கம் தீவுகளை அதிரச் செய்தது. ராஸ் தீவின் கட்டடங்கள் பல சிதைந்தன. ஆட்சியாளர்கள் தீவை விட்டு வெளியேறினர். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. 1943 டிசம்பர் 30இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் இந்திய தேசியக் கொடியை ஏற்றினார். அந்நிகழ்வின் 75ஆம் ஆண்டு நிறைவில், 2018 டிசம்பர் 30 அன்று, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றது.

இன்று அம்மாளிகைகளுக்குக் கூரை இல்லை. அத்தி இனத்து மரங்களின் வேர்கள் கற்சுவர்களைத் தழுவி இறங்கியுள்ளன. நடன அரங்கு இருந்த தரையில் புள்ளிமான்கள் மேய்கின்றன.

மலைமேல் கோடை இல்லம்

வளைகுடாவிற்கு அப்பால் தெரியும் மலைக்கு, 1860களில் இத்தீவுகளின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட்டின் பெயர் இடப்பட்டது. வெப்பம் மிகுந்த மாதங்களில் தலைமை ஆணையர் தங்குவதற்காக அம்மலைமேல் ஒரு கோடை இல்லம் இருந்தது. கடல் மட்டத்தைவிடக் குளிர்ந்த காற்றும், கீழே விரியும் தீவுகளின் காட்சியும் அங்குத் தங்குவோர்க்குக் கிடைத்தன.

இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு 1872 பிப்ரவரி 8 அன்று அம்மலை மீது ஏறினார். நோயாளிகள் தங்கி உடல் தேறுவதற்கு ஏற்ற இல்லம் அமைக்க அவ்விடம் தகுமா என்று காண்பது அவருடைய நோக்கம். கதிரவன் மறையும் காட்சியை உச்சியில் கண்டார். இருள் சூழ்ந்த வேளையில் கீழிறங்கி, ஹோப்டவுன் படகுத்துறையை அடைந்தார். அங்கு மறைந்திருந்த ஷேர் அலி என்னும் கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஷேர் அலி அடுத்த மாதம் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். உயர்ந்தோர் ஓய்வுகொள்ளும் இடமும் கைதிகள் துயருறும் இடமும் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஹாரியட் மலைக்கு 2021இல் மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டப்பட்டது. 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயரால் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. கண்காணிப்பாளருடைய மனைவியின் பெயர் நீங்கி, அங்குக் கைதிகளாக அடைபட்டவர்களின் நாட்டுப்பெயர் மலைக்கு உரியதாயிற்று.

சரிவில் இறங்கும் விடுதி

மரைன் ஹில்லின் சரிவில் கடலைப் பார்த்தவாறு ஒரு விடுதி நிற்கிறது. பே ஐலண்ட் விடுதி என்னும் பெயரில் 1979 முதல் 1982 வரையான ஆண்டுகளில் அது உருவாயிற்று. அதனை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. அவர் 1930இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அகமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்தின் காந்தி நினைவு அருங்காட்சியகம், தில்லியில் ஜீவன் பாரதி, சென்னையில் எம்.ஆர்.எஃப். தலைமை அலுவலகம் ஆகியனவும் அவருடைய படைப்புகள். 2006இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 2015இல் மறைந்தார்.

கட்டடத்தின் வடிவத்தை அவ்விடத்தின் தட்பவெப்பமே முடிவு செய்ய வேண்டும் என்பது கொரியாவின் கொள்கை. வெப்பமான நாட்டில் நான்கு சுவர்களுக்குள் அடைந்து, குளிரூட்டும் இயந்திரத்தை மட்டும் நம்பி வாழ்வதை அவர் விரும்பவில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் அகமதாபாத்தில் அமைத்த குழாய் வீடு இதற்குச் சான்று. அவ்வீட்டின் கூரை சாய்வாக உயர்ந்து சென்றது. சூடான காற்று அதனைத் தொட்டு மேலேறி உச்சித் திறப்பின் வழியே வெளியேறியது. கீழிருந்து புதிய காற்று உள்ளே வந்தது. திறந்த முற்றத்தையும் திண்ணையையும் உடைய நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் இதே முறையைக் காணலாம்.

அந்தமானில் கொரியா குன்றின் சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை. சரிவோடு சேர்ந்து இறங்குமாறு கட்டடத்தை அமைத்தார். விடுதியின் பொதுக்கூடம் சுவர்களால் அடைக்கப்பட்ட அறையன்று. படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் தளங்களாக அது அமைந்துள்ளது. அவற்றின்மேல் சாய்வான பெருங்கூரைகள் கவிந்துள்ளன. கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும்; திறந்த பக்கங்கள் கடற்காற்றை உள்ளே அழைக்கும். அக்கூடத்தையே ஒரு பெரிய காலதர் எனலாம். ஓர் உயர்ந்த தளத்தில் அமர்ந்திருப்பவருக்கும் தாழ்ந்த தளத்தில் அமர்ந்திருப்பவருக்கும் கடல் ஒன்றுபோலவே தெரியும்.

விடுதிக்கு அந்தமானின் படாக் மரம் பயன்படுத்தப்பட்டது. செந்நிறமும் உறுதியும் கொண்ட அம்மரம் அந்தமான் நிகோபார் தீவுகளின் அடையாள மரம். தமிழ்நாட்டு மலைகளில் வளரும் வேங்கையும் செஞ்சந்தனமும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை. கிடைக்கும் பொருளைக் கொண்டும் இருக்கும் நிலத்திற்கு இசைந்தும் கட்டுதல் என்னும் பழைய அறிவை ஒரு புதிய கட்டடத்தில் கொரியா பயன்படுத்தினார். ராஸ் தீவின் மாளிகையைக் கட்டுவித்தோர் தம் தாய்நாட்டு வாழ்க்கையைக் கடல்கடந்து கொண்டுவந்து தீவின் மேல் வைத்தனர். கொரியாவோ தீவின் காற்றும் மழையும் சொல்வதைக் கேட்டபின் வரைகோலை எடுத்தார்.

தரங்கம்பாடியின் பழைய இல்லம்

பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றிக் காப்பது எப்படி என்பதற்குத் தமிழகக் கடற்கரையிலேயே சான்று உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடியில், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டென்மார்க் நாட்டினர் 1620இல் கோட்டை எழுப்பினர். அங்குக் கால்வைத்த சீகன்பால்கு என்னும் சமயத் தொண்டர் 1710களில் தமிழ் நூல்களை அச்சிட்டார். 1845இல் டென்மார்க் அரசு அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றது.

கோட்டைக்கு அருகே கடலைப் பார்த்தவாறு ஒரு மாளிகை உள்ளது. ஆங்கிலேய ஆட்சியில் மாவட்ட ஆட்சியரின் இல்லமாக விளங்கியது அது. பழைய கட்டடங்களைப் புதுப்பித்து விடுதிகளாக நடத்தும் நீம்ராணா நிறுவனம் அதனை ஏற்றுச் செப்பனிட்டது. தடித்த சுவர்களும் கடல் நோக்கிய அகன்ற தாழ்வாரங்களும் அவ்வாறே விடப்பட்டன. அன்று ஆட்சியர் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்த தாழ்வாரத்தில் இன்று எவ்வூர் விருந்தினரும் அமரலாம்.

பழைய கட்டடத்தைச் செப்பனிடுவதில் பொறுமை வேண்டும். அக்காலச் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செங்கல்லை அரித்துவிடும். ஆதலால் பழைய வீட்டைக் காக்க விரும்புவோர் பழைய பூச்சு முறையையே கைக்கொள்கின்றனர். அம்முறை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவருகின்றனர். ஒரு பழைய வீடு புதுப்பிக்கப்படும்பொழுது, அவர்களுடைய தொழிலறிவும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்கிறது.

கடலருகே வாழ்வதன் அச்சத்தையும் தரங்கம்பாடி அறியும். 1306இல் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, தரங்கம்பாடியின் மீனவர் குடியிருப்புகளைச் சிதைத்து உயிர்களைக் கொண்டுசென்றது. அதே நாளில் அதே பேரலை அந்தமான் நிகோபார் தீவுகளையும் தாக்கிற்று. வங்கக் கடலின் இரு கரைகளையும் ஒரே துயரம் இணைத்த நாள் அது.

பலகை இல்லாத வீடுகள்

அந்தமான் நிகோபார் தீவுகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். துறைமுகப் பணிக்கும் கட்டுமான வேலைக்கும் வணிகத்திற்கும் தமிழகத்திலிருந்து பலர் கப்பலேறி வந்தனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள், 1970களில் நிகோபார்க் கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்டன. ஆழிப்பேரலையில் கச்சால் பேரிழப்பைச் சந்தித்தது.

வைஸ்ராய் ஏறிய மலையை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தலைமை ஆணையரின் மாளிகை இடிந்தபின்னும் அதனை விளக்கும் பெயர்ப்பலகை நிற்கிறது. இடம்பெயர்ந்த தொழிலாளர் முதன்முதலில் கட்டிய தகரக்கூரை வீட்டிற்குப் பலகை இல்லை. மாளிகைக்குக் கல் சுமந்தவரும் மரம் அறுத்தவரும் தம் பெயரை எங்கும் பொறித்துச் செல்லவில்லை. ஆனால் அவர்கள் அடுக்கிய கல் இன்னும் நிற்கிறது. மரத்தின் வேர் பற்றிக்கொள்வதற்கும் அக்கல்லே இடம் தருகிறது.

வரலாற்றுச் சிறப்புடைய இல்லத்தில் தங்குவோர்க்குச் சில கடமைகள் உண்டு. சுவரில் பெயர் கீறாமை, பழம்பொருளைப் பெயர்த்து எடுக்காமை, நெகிழிக் கழிவைக் கடற்கரையில் விடாமை ஆகியன எளியவை, எல்லாராலும் கைக்கொள்ளத்தக்கவை. அவற்றோடு மற்றொரு கடமையும் சேர வேண்டும். அங்கு வாழ்ந்தவர் யார் என்று கேட்பதோடு, அதனைக் கட்டியவர் யார் என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கப் பழகிய பிள்ளைகள், தம் தாத்தாவும் பாட்டியும் வேற்றூரில் முதன்முதலாக வாழ்ந்த வீடு எது, அதன் காலதர் எத்திசை நோக்கி இருந்தது என்றும் கேட்பார்கள். விடை சொல்லப் பெரியவர்கள் இருக்கும்பொழுதே அவ்வினா கேட்கப்பட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

போர்ட் பிளேர் என்னும் பெயர், 1789இல் இத்தீவுகளை அளந்து முதற்குடியிருப்பை நிறுவிய ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அலுவலரின் பெயரால் அமைந்தது. அம்முதற்குடியிருப்பு சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. சாத்தம் தீவில் 1883இல் தொடங்கப்பட்ட மரம் அறுக்கும் ஆலை இன்றும் அங்குள்ளது.

சொற்பொருள்

காலதர் – சன்னல், சாளரம்
கூதிர் – ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகிய குளிர்காலம்
வேனில் – வெப்பம் மிகுந்த பருவம்
அடுமனை – ரொட்டி முதலியன செய்யும் இடம்
தாழ்வாரம் – வீட்டின் முன்புறம் கூரை தாழ்ந்த நடைபகுதி
சாந்து – கட்டடப் பூச்சுக் கலவை
ஆழிப்பேரலை – சுனாமி

இலக்கணக்குறிப்பு

வெயிலையும் மழையையும் – எண்ணும்மை
பெருங்கூரை – பண்புத்தொகை
மலைச்சரிவு – ஆறாம் வேற்றுமைத்தொகை
வீடு – முதனிலை திரிந்த தொழிற்பெயர்
எட்டாத உயரம் – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

வாழ்ந்தனர் = வாழ் + த்(ந்) + த் + அன் + அர்
வாழ் – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. காலதர் என்னும் சொல்லில் ‘அதர்’ என்பதன் பொருள்
அ) காற்று ஆ) வழி இ) கதவு ஈ) கூரை

2. பே ஐலண்ட் விடுதியை வடிவமைத்தவர்
அ) ஆர்ச்சிபால்டு பிளேர் ஆ) ராபர்ட் டைட்லர் இ) சார்லஸ் கொரியா ஈ) சீகன்பால்கு

3. ‘கற்சுவர்’ என்பதனைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) கற் + சுவர் ஆ) கல் + சுவர் இ) கற்ச + உவர் ஈ) கல்லு + சுவர்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. வீடு, விடுதி ஆகிய சொற்களின் வேர் யாது?
2. மரைன் ஹில்லில் நிற்பவருக்குத் தெரியும் காட்சிகள் யாவை?
3. ஹாரியட் மலைக்கு மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டப்பட்டதன் காரணம் என்ன?
4. பழைய சுவரின்மேல் சிமெண்ட் பூசுவதால் விளையும் தீமை யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. தலைமை ஆணையரின் மாளிகையையும் செல்லுலார் சிறையின் அறையையும் காலதரைக் கொண்டு ஒப்பிடுக.
2. அந்தமானின் தட்பவெப்பத்திற்கு ஏற்பக் கொரியா விடுதியை அமைத்த முறையை விளக்குக.

ஈ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

‘பழைய வீட்டை இடித்துப் புதிய விடுதி கட்டுவதே நல்லது’, ‘பழைய வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்குவதே நல்லது’ – இவ்விரு கருத்துகளுள் ஒன்றைத் தேர்ந்து, பாடத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.

கற்பவை கற்றபின்

1. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் பிறந்த ஊர் வீட்டின் வரைபடம் ஒன்றை வரைக. திண்ணை, முற்றம், காலதர் ஆகியவற்றைத் தமிழில் குறிக்க. காற்று வரும் திசையை அம்புக்குறியால் காட்டுக.

2. இப்பொழுது வாழும் வீட்டை அவ்வரைபடத்தோடு ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை ஒன்றையும் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.